விடுபட்ட பெயர்களும் எட்கர் கொட்டும்

கடந்த ஆண்டு வன்னியில் ஒரு ஊருக்குப் போயிருந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலர் என் கையில் மூன்று கொப்பிகளைத் தந்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் பயன்படுத்தும் சாதாரணக் கொப்பிகள். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, காணாமல் போனவரின் பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், தேடுகிறவரின் பெயர், அவரது அடையாள அட்டை இலக்கம் என்று பல வருடங்களாக எழுதி வைத்திருந்தார்கள். அவற்றுடன் கணினியில் தட்டச்சுச் செய்யப்பட்ட ஒரு பட்டியலும் இருந்தது. முறைப்பாடு பதிவானவர்களின் பட்டியல் அது.

அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான். கொப்பியில் இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் யார்?

நான் படித்தது ஊடகக் கற்கைகள். செய்திகளுக்காகப் புள்ளிவிபரங்களைக் கையாள வேண்டி வந்ததால், தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்.கியூ.எல் என்ற மொழியை இணையத்தில் கொஞ்சம் பழகியிருந்தேன். கொப்பிகளைத் தட்டச்சுச் செய்து ஒரு அட்டவணை ஆக்கினேன். பட்டியலை இன்னொரு அட்டவணை ஆக்கினேன். முதலாவதில் உள்ள அடையாள அட்டை இலக்கங்களில் இரண்டாவதில் இல்லாதவற்றைக் காட்டு என்று எழுதினேன். ஒரு நிரை கூட வரவில்லை. பூச்சியம்.

சந்தோசமாகத் தொலைபேசி எடுத்து எல்லோருடைய பெயரும் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா எடுத்தார். பிள்ளை, எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே, என்ரை பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகத் தேடினேன். அவர் பெயர் இல்லை. இலக்கமும் இல்லை.

கணினி எனக்குப் பொய் சொன்னதா என்று தேடப் போன இடத்தில்தான் எட்கர் பிராங்க் கொட் என்ற மனிதரைச் சந்தித்தேன். அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. உயர்தரத்தில் ஐ.சி.ரி படித்தவர்கள் அவரது பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அவரது வாழ்க்கையில் நமக்குச் சொல்ல இருப்பது பரீட்சைக் குறிப்புகளுக்குள் அடங்காது.

போர்ட்லண்டில் இருந்து ஒரு விமானி

கொட் 1923 ஓகஸ்ட் 19ஆம் திகதி இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் பகுதியைச் சேர்ந்த போர்ட்லண்ட் தீவில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. தந்தை தோல் உற்பத்தித் தொழில் செய்தவர், தாய் ஆசிரியை. பூல் நகரில் பள்ளிப்படிப்பு. பிறகு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் எக்செற்றர் கல்லூரியில் கணிதமும் இரசாயனவியலும்.

இரண்டாம் உலகப்போர் அவரது படிப்புக் காலத்துக்குள் வந்தது. பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் விமானியாகச் சேர்ந்து, சண்டர்லண்ட் என்ற பெரிய கடல் விமானங்களை ஓட்டினார். தண்ணீரில் இறங்கி எழும் விமானங்கள் அவை. கடலுக்கு மேலே மணிக்கணக்காகப் பறந்து நீர்மூழ்கிகளைத் தேடுவதும், மூழ்கிய கப்பல்களில் இருந்து தப்பியவர்களைத் தேடுவதும் அந்தப் பிரிவின் வேலைகள்.

போர் முடிந்து 1948இல் அமெரிக்காவுக்குப் போனார். ஐ.பி.எம் நிறுவனத்தில் கணிதவியலாளராகச் சேர்ந்து, ஒரு அறையையே நிரப்பும் ஆரம்பகாலக் கணினிகளுக்கு நிரல்கள் எழுதினார்.

அப்போது அமெரிக்காவில் வேறொரு பட்டியலின் காலம். 1950 பெப்ரவரியில் செனற்றர் ஜோசப் மக்கார்த்தி, அரசாங்கத்தில் வேலை செய்யும் கம்யூனிஸ்டுகளின் பட்டியல் தன் கையில் இருப்பதாக ஒரு கூட்டத்தில் அறிவித்தார். எண்ணிக்கையைப் பிறகு பிறகு மாற்றிச் சொன்னார். பட்டியலை யாரும் சரிபார்க்க முடியவில்லை. ஆனாலும் சந்தேகத்தின் பேரில் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். ஒரு பட்டியலில் பெயர் இருப்பது எப்படி ஆளை அழிக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கொட் அந்தச் சூழலைச் சகிக்கவில்லை. 1953இல் நாட்டைவிட்டுக் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போய்விட்டார். நான்கு வருடங்கள் கழித்து, 1957இல்தான் மீண்டும் ஐ.பி.எம் வேலைக்குத் திரும்பினார்.

திரும்பியவர் படிப்பை விடவில்லை. நாற்பதைத் தொட்ட வயதில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராகி, 1965இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் இருந்த ஐ.பி.எம் ஆய்வுகூடத்துக்கு மாறினார். அவரை உலகம் நினைவில் வைத்திருக்கும் வேலை அங்கேதான் நடந்தது.

பாதை தெரியாவிட்டால் விடை இல்லை

அறுபதுகளில் கணினிக்குள் தரவுகள் எப்படி இருந்தன என்பதை விளங்கிக்கொண்டால்தான் கொட் செய்தது விளங்கும். ஐ.பி.எம் அப்போது விற்ற தரவுத்தளத்தின் பெயர் ஐ.எம்.எஸ். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பலோ திட்டத்தில், விண்கலத்தின் பாகங்களைப் பட்டியலிடும் தேவையில் இருந்து வளர்ந்தது. அதில் தரவுகள் ஒரு மரம் போல அடுக்கப்பட்டிருந்தன. அடிமரம், கிளை, சிறு கிளை, இலை.

நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மாவட்டத்துக்குக் கீழே பிரதேச செயலகம், அதற்குக் கீழே கிராம அலுவலர் பிரிவு, அதற்குக் கீழே குடும்பம் என்று தரவு அடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் எத்தனை குடும்பம் என்று கேட்டால் விடை சுலபம், பாதை நேராக இறங்குகிறது. இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் எந்தப் பிரிவில் இருந்தாலும் கண்டுபிடி என்று கேட்டால், ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்க வேண்டும். அதற்கென்று ஒரு நிரலாளர் உட்கார்ந்து தனியாக நிரல் எழுத வேண்டும். தரவின் அடுக்கு மாறினால் அந்த நிரலும் பயனற்றுப் போகும். முன்கூட்டியே பாதை போட்டவர் எதிர்பார்த்த கேள்விகளுக்கு மட்டும்தான் இலகுவாக விடை கிடைக்கும்.

கொட்டுக்கு இது பிழையாகப் பட்டது. அவர் ஒரு கணிதவியலாளர். பாடசாலையில் நாம் படிக்கும் தொடைகளையும் தர்க்கத்தையும் தரவுக்குள் கொண்டுவந்தார். 1969இல் நிறுவனத்துக்குள் ஒரு ஆய்வறிக்கையாக எழுதி, 1970 ஜூனில் கணினியியலாளர்களின் சஞ்சிகை ஒன்றில் பகிரங்கமாக வெளியிட்டார். பதினொரு பக்கக் கட்டுரை. அப்போது அவருக்கு 46 வயது.

கட்டுரையின் சாரம் எளிமையானது. தரவுகள் எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும். நிரைகளுக்கு மேல், கீழ் என்ற ஒழுங்கு தேவையில்லை. ஒரு அட்டவணைக்கும் இன்னொன்றுக்கும் இடையே இரகசியப் பாதைகள் வேண்டாம். இரண்டிலும் பொதுவாக இருக்கும் ஒரு பெறுமானமே அவற்றை இணைக்கட்டும். எனது இரண்டு அட்டவணைகளிலும் அந்தப் பொதுவான பெறுமானம் அடையாள அட்டை இலக்கம். எதை வேண்டும் என்று கேட்பவர் சொன்னால் போதும், எந்த வழியால் போய் எடுப்பது என்பது கணினியின் வேலை.

அடுத்து வந்த வருடங்களில் இந்த அட்டவணைகளுக்கான ஒரு இயற்கணிதத்தையும் வகுத்தார். சேர்த்தல், பொதுவானதை எடுத்தல், இணைத்தல் போன்ற செயல்களோடு கழித்தலும் அதில் இருந்தது. ஒரு தொடையில் இருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது எது? முதலாவதில் இருந்தும் இரண்டாவதில் இல்லாதவை. தாய்மார் என்னிடம் கேட்டது அந்தக் கழித்தலைத்தான்.

சொந்த வீட்டில் கிடைக்காத வரவேற்பு

கொட்டின் கண்டுபிடிப்பை ஐ.பி.எம் கட்டி அணைக்கவில்லை. ஐ.எம்.எஸ் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. விற்கும் பொருளுக்குப் போட்டியாக இன்னொன்றை ஏன் கொண்டுவர வேண்டும் என்பது வியாபாரிகளின் கணக்கு. கொட் விடவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் நேரே போய் விளக்கினார், அவர்கள் ஊடாக அழுத்தம் வந்தது. 1974இல், அன்றைய முறையின் முன்னோடியான சார்ள்ஸ் பாக்மனுடன் பகிரங்க விவாதம் நடத்தினார். பாக்மன் அதற்கு முந்தைய வருடம்தான் கணினித்துறையின் மிகப்பெரிய விருதான ரியூரிங் விருதைப் பெற்றிருந்தார்.

கடைசியில் ஐ.பி.எம் பரிசோதனையாக சிஸ்ரம் ஆர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் வடிவமைத்த மொழிதான் இன்று எஸ்.கியூ.எல் என்று அழைக்கப்படுகிறது. அது கொட் தானே எழுதிய மொழி அல்ல. தன் கொள்கையை அது முழுமையாகப் பின்பற்றவில்லை என்று பின்னாளில் கடுமையாகக் குறை சொன்னவர் அவர். ஆய்வுக் கட்டுரைகள் பகிரங்கமாக இருந்ததால் வெளியாரும் படித்தார்கள். லரி எலிசனும் நண்பர்களும் தொடங்கிய சிறு நிறுவனம் 1979இல் ஒரக்கிள் என்ற தரவுத்தளத்தை விற்பனைக்கு விட்டது. ஐ.பி.எம்மின் சொந்தத் தயாரிப்பு சந்தைக்கு வர 1981 ஆனது. அதே 1981இல் கொட்டுக்கும் ரியூரிங் விருது கிடைத்தது.

இன்று நம் வங்கிக் கணக்கும், தொலைபேசிக் கட்டணமும், வைத்தியசாலைப் பதிவும் பெரும்பாலும் அவர் சொன்ன விதத்தில்தான் அட்டவணைகளில் இருக்கின்றன.

வெறும் கட்டம்

என் பூச்சியத்துக்கு வருகிறேன். அதற்கான காரணம் கொட் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு விடயத்தில் இருந்தது.

அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதன் பொருள் என்ன? பூச்சியமா? இல்லை என்பதா? பழைய கணினிகளில் தெரியாத வயதுக்கு 99 என்றும், தெரியாத திகதிக்கு ஏதோ ஒரு பொய்த் திகதியும் போட்டு நிரப்புவார்கள். பிறகு யாராவது சராசரி எடுத்தால் அந்தப் பொய்யும் கணக்கில் சேரும். கொட் இதை எதிர்த்தார். தெரியாததற்குத் தனியான ஒரு குறி வேண்டும், அது பூச்சியத்தோடும் வெற்றுச் சொல்லோடும் கலக்கக்கூடாது என்றார். ஆங்கிலத்தில் அந்தக் குறியை நல் என்பார்கள். (தமிழில் நல்ல என்று வாசித்துவிட வேண்டாம்.) 1979இல் வெளியான நீண்ட கட்டுரையில் அதற்கென ஒரு தர்க்கத்தையும் முன்வைத்தார். வழமையான தர்க்கத்தில் உண்மை, பொய் என்று இரண்டுதான். கொட்டின் தர்க்கத்தில் மூன்றாவதாகத் தெரியாது என்பதும் ஒரு விடை.

இதை வைத்துப் பார்த்தால் என் பிழை வெளிச்சமாகிறது. தட்டச்சுச் செய்யப்பட்ட பட்டியலில் ஒரே ஒரு நிரையில் அடையாள அட்டை இலக்கம் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தது. நான் எழுதிய கேள்வி நொட் இன் என்ற வகையைச் சேர்ந்தது. அந்த அம்மாவின் இலக்கம் பட்டியலில் எதற்கும் சமமில்லைத்தானே என்று அது கேட்கிறது. கணினி ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. முதலாவதுக்குச் சமமில்லை. இரண்டாவதுக்குச் சமமில்லை. வெறும் கட்டத்துக்கு வந்ததும் நிற்கிறது. அந்தக் கட்டத்துக்குரிய இலக்கம் எது என்று தெரியாது. அது இந்த அம்மாவின் இலக்கமாகவும் இருக்கலாம் அல்லவா? ஆகவே மொத்த விடை, தெரியாது. நிச்சயமாக உண்மை என்று தெரிந்த நிரைகளை மட்டும்தான் எஸ்.கியூ.எல் காட்டும். விடுபட்ட ஒவ்வொருவருக்கும் விடை தெரியாது என்று ஆனதால், ஒருவரையும் அது காட்டவில்லை.

கணினி பொய் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொன்னது. அதை நான் யாரும் விடுபடவில்லை என்று வாசித்து, ஒரு தாய்க்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.

சரியாகக் கேட்கும் முறைகள் இரண்டு உண்டு. லெப்ட் ஜொயின் என்பது ஒன்று. கொப்பி அட்டவணையின் எல்லா நிரைகளையும் இடப்பக்கம் வைத்து, பட்டியலில் பொருந்துகிறவற்றை வலப்பக்கம் ஒட்டும்படி கேட்க வேண்டும். பொருந்தாதவர்களை அது தூக்கி எறியாது, அவர்களது வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கும். வலப்பக்க இலக்கம் வெறுமையான நிரைகளை மட்டும் எடுத்தால் விடுபட்டவர்கள் வருவார்கள். பொருந்தாதவற்றையும் கைவிடாத இந்த வெளி இணைப்பைப் பற்றியும் கொட் அதே 1979 கட்டுரையில் எழுதியிருந்தார். மற்ற முறை நொட் எக்சிஸ்ட்ஸ். ஒவ்வொரு நிரைக்கும் பட்டியலில் ஒரு துணை உண்டா, இல்லையா என்று மட்டும் பார்க்கும். யாரோ ஒருவரின் வெறும் கட்டம் இந்த இரண்டு முறைகளிலும் மற்றவர்களின் விடையைக் கெடுக்காது.

இரண்டு வகைத் தெரியாமை

கொட் இதோடு நிற்கவில்லை. எல்லா வெறுமையும் ஒரே வகை அல்ல என்று எண்பதுகளில் வாதிட்டார். ஒரு பெறுமானம் இருக்கிறது, ஆனால் நமக்கு இன்னும் தெரியாது என்பது ஒரு வகை. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்பது வேறு வகை. திருமணமாகாதவரின் கட்டத்தில் துணைவரின் பெயர் வெறுமையாக இருப்பது இரண்டாவது வகை. திருமணமான ஒருவரின் கட்டத்தில் அது விடுபட்டிருந்தால் முதலாவது வகை. இரண்டுக்கும் வேறு வேறு குறிகள் வேண்டும் என்று 1990இல் வெளியான தன் நூலிலும் வலியுறுத்தினார். அப்போது தர்க்கம் மூன்றில் இருந்து நான்கு விடைகளுக்கு விரிந்தது.

இதைச் சக ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. அவரோடு நெருங்கி வேலை செய்த கிறிஸ் டேற்றே வெறுமைக் குறிகள் தரவுத்தளத்துக்குள் வரவே கூடாது என்று எதிர்த்து எழுதினார். புழக்கத்தில் உள்ள தரவுத்தளங்கள் ஒரே ஒரு வெறுமையோடு நின்றுவிட்டன. நிரலாளர்களின் பக்கத்தில் இருந்து பார்த்தால், இரண்டு குறிகள் வேலையைச் சிக்கலாக்கும் என்பதில் நியாயம் உண்டு.

ஆனால் கொப்பிகளோடு இருந்து பார்த்தபோது கொட் சொன்னது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. ஒரு படிவத்தில் இறந்த திகதி என்றொரு நிரல் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவருக்கு அது வெறுமை, அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தாது. இறந்து திகதி தெரியாதவருக்கும் வெறுமை. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு? இரண்டில் எது என்று தீர்மானிப்பதற்காகத்தான் தாய்மார் வீதியில் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒன்றை நிரப்பு என்று கேட்பது கணினிக்குச் சின்ன விடயம். நிரப்பச் சொல்லப்படும் தாய்க்கு அப்படி இல்லை.

கடைசி வருடங்கள்

கொட் 1984இல் ஐ.பி.எம்மில் இருந்து விலகினார். சந்தையில் எல்லா நிறுவனங்களும் தங்களுடையதும் அவரது முறைதான் என்று விளம்பரம் செய்யத் தொடங்கியிருந்தன. 1985இல் உண்மையான தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கான விதிகளை ஒரு கணினிப் பத்திரிகையில் வெளியிட்டார். கொட்டின் 12 விதிகள் என்று பெயர், பூச்சியத்தில் இருந்து எண்ணியதால் உண்மையில் 13. தெரியாததைப் பூச்சியத்தில் இருந்தும் வெற்றிடத்தில் இருந்தும் பிரித்து ஒழுங்காகக் கையாள வேண்டும் என்பது மூன்றாம் விதி.

அவரது கருத்தைக் கொண்டு பெரும் செல்வந்தர் ஆனவர்கள் வேறு ஆட்கள். 2003 ஏப்ரல் 18ஆம் திகதி புளோரிடாவில் உள்ள தன் வீட்டில், இதயம் செயலிழந்து, 79ஆவது வயதில் கொட் இறந்தார்.

நான் கேள்வியைத் திருத்தி எழுதினேன். இந்த முறை 11 நிரைகள் வந்தன. அவற்றிலும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு பேர் பட்டியலில் இருந்தார்கள். 2016இல் இருந்து புதிய அடையாள அட்டைகளில் இலக்கம் 12 ஆகிவிட்டதல்லவா? கொப்பியில் பழைய ஒன்பது இலக்கமும் வி எழுத்தும், பட்டியலில் புதிய இலக்கம். முன்னால் 19உம், ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியமும் சேர்த்து, வி எழுத்தை எடுத்துவிட்டால் பொருந்திவிடும். மிகுதி நான்கு பேர் உண்மையாகவே இல்லை. தொலைபேசி எடுத்த அம்மா அந்த நால்வரில் ஒருவர்.

அவரிடம் போய் நான் விட்ட பிழையைச் சொன்னேன். கோபிக்கவில்லை. நான்கு பேருக்கும் புதிதாக முறைப்பாடு எழுதுவதற்கு என்ன கடதாசிகள் வேண்டும் என்றுதான் கேட்டார்.

திரும்பி வரும்போது யோசித்தது இதுதான். கொட்டின் கழித்தலுக்கு இரண்டு தொடைகள் வேண்டும். எவ்வளவு சரியாகக் கேள்வி எழுதினாலும், முதலாவது தொடையில் இல்லாத ஒருவரை எந்தக் கணினியும் விடுபட்டவர் என்று காட்டாது. இரண்டாவது பட்டியலை யாரோ ஒருவர் சம்பளத்துக்குத் தட்டச்சுச் செய்தார். முதலாவதை, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, அந்தத் தாய்மார் எழுதினார்கள். மூன்று கொப்பிகளையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, ஒரு பிரதியை என்னிடம் வைத்துக்கொண்டு, கொப்பிகளை அவர்களிடமே கொடுத்தேன். கடைசிக் கொப்பியில் இன்னும் எழுதாத பக்கங்கள் இருந்தன. அவற்றிலும் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.